மூச்சு விட வந்தவர்கள்

லோன்பிரே
30 அக்டோபர் 1983

அன்புள்ள பெகி அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்ட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் ஊர் தபால் நிலையத்து டோலினாவுக்கும் வேண்டாம், பாதிரியாருக்கும் வேண்டாம். அம்மாவுக்கு நீங்கள் எழுதும்போது நான் எழுதியதாக ஒரு சொல்கூட வந்துவிடக் கூடாது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஆடுகள் எல்லாம் மலையிலிருந்து இறங்கிவிட்டனவா? இங்கே எங்கள் மூவரில் இரண்டு பேர் சுகம். தம்பி ரோரிக்குத்தான் நெஞ்சு சரியில்லை. அவனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஆனால் மாடிப்படி ஏறினால் கிழவன் மாதிரி நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்கிறான்.

குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாழ்ப்பாள் இருக்கிற ஒரே அறை இதுதான். அம்மாவும் ரோரியும் தூங்குகிறார்கள்.

அப்பா இறந்த பிறகு குடியிருப்பு அலுவலகம் எங்களுக்குக் கொடுத்த இந்த வீட்டை நீங்கள் பார்த்ததில்லை. கட்டிப் பத்து வருடம்கூட ஆகவில்லை. ஆனால் சுவரெல்லாம் ஓதம். படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூசணம் பூத்து, துடைக்கத் துடைக்க மறுபடியும் வருகிறது. தரைக்கு அடியில் சூடேற்றும் மின்கம்பி ஓடுகிறது. முதல் குளிர்காலத்தில் அதைப் போட்டோம். அந்த பில்லை அம்மா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே கட்டிலில். என் பள்ளிக்கூடக் கோட்டில் பூசண வாடை அடிக்கிறது என்று ஷோனா என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள்.

ஆனால் அம்மாவை நீங்கள் பார்க்க வேண்டும் அத்தை. பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, நாங்கள் படுக்கும் முன்னால் கட்டில் விரிப்பை இஸ்திரி போடுகிறாள். கட்டிலின் மேலேயே. சூடு ஆறுவதற்குள் உள்ளே பாய வேண்டும். ரோரி அதை ஓட்டப்பந்தயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். "தயாரா? ஓடு!" என்பாள் அம்மா. அவன் சிரித்துக்கொண்டே தூங்கிப்போகிறான்.

போன வாரம் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து பிர்னி என்பவர் வந்தார். சுவரைப் பேனாவால் தட்டிப் பார்த்தார்.

"இது ஓதம் இல்லம்மா. நீங்க விடற மூச்சு. மூணு பேரு மூச்சு விடறீங்க, உருளைக்கிழங்கு அவிக்கறீங்க, துணிய உள்ளயே காயப்போடறீங்க. அந்த ஆவிதான் சுவர்ல வந்து நிக்குது. ஜன்னலத் தொறந்து வைங்க, ஹீட்டர நல்லாப் போடுங்க."

"வீதியச் சூடு பண்ணச் சொல்றீங்களா சார்?" என்றாள் அம்மா. "இல்லன்னா ஒண்ணு பண்றோம். ஆளுக்கு ஒரு நாள் முறை வச்சு மூச்சு விடறோம். இன்னிக்கு ரோரி விடட்டும்."

அவர் எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டார். கதவு சாத்தும்வரை அம்மா சிரித்தாள். அப்புறம் சுவரில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மேல்மாடியில் டென்னி என்ற பையனுக்கும் இதே இருமல்தான். நலத்துறை அம்மாள் வந்து அவனைக் குழந்தைகள் விடுதிக்குக் கூட்டிப் போய்விட்டார். ரோரியையும் அப்படிச் செய்தால்? இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. உங்களிடம் கண்டிப்பாகக் கூடாதாம். "பெகிக்குத் தெரிஞ்சா அடுத்த கப்பல்லயே வந்து ரோரியத் தூக்கிட்டுப் போயிடுவா. உங்கப்பா சாவு வீட்லயே அவனத் தரியான்னு கேட்டவ அவ" என்கிறாள்.

நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள்தானே? எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

பதிலை எங்கள் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதீர்கள். கீழ்வீட்டு சென்கா மெக்லோன் என்று போட்டு அனுப்புங்கள். அவர் வாயாடி, ஆனால் ரகசியம் காப்பார்.

உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் மருமகள்
இஷ்பெல்


போர்க்ரோ, லூயிஸ் தீவு
9 நவம்பர் 1983

என் செல்ல இஷ்பெல்லுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஓய்வுநாள், பேனாவைத் தொட முடியாது. அதற்குப் பிறகு எழுத உட்கார்ந்தும் இரண்டு நாள் ஓடிவிட்டது. முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். ஆடுகள் இறங்கிவிட்டன. நீ சாப்பிடுகிறாயா? வளரும் பெண், ரொட்டியோடு பாலும் குடி.

யாருக்கும் காட்டவில்லை. டோலினா மட்டும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கிளைட் ஆத்துப் பக்கத்து முத்திரையா இருக்கே, யாரு?" என்றாள். "என் காதலன்" என்றேன். இனிமேல் ஊருக்கே அதுதான் பேச்சு.

இந்த வருடம் எனக்குச் சதுப்புக் கரி தாராளம். வேனிலில் ஊரார் எல்லாரும் சேர்ந்து சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, காயவைத்து, என் வீட்டுச் சுவரோரம் அடுக்கிக் கொடுத்துவிட்டார்கள். தனியாக இருக்கிறவளுக்கு இவ்வளவு எதற்கு? பக்கத்து வீட்டு ஆங்கஸின் லாரி கப்பலேறி அந்தப் பக்கம் வருகிறது. இரண்டு மூட்டை ஏற்றிவிட்டிருக்கிறேன். உன் அப்பா சிறுவனாக இருந்தபோது எந்தச் சரிவில் வெட்டினானோ அதே சரிவிலிருந்து வெட்டியது. நன்றாக எரியும். ரோரியைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார வை, ஆனால் முகம் நெருப்பைப் பார்க்க வேண்டாம், முதுகைக் காட்டச் சொல்.

நீ கேட்ட கேள்விக்குப் பதிலாக நான் ஒன்று கேட்கிறேன்: உன் அம்மா வேலை செய்கிறபோது பாடுவாளே, இப்போதும் பாடுகிறாளா?

ஆண்டவன் உங்கள் மூவரையும் பார்த்துக்கொள்வார்.

அத்தை பெகி


லோன்பிரே
26 நவம்பர் 1983

அன்புள்ள அத்தைக்கு,

இதையும் யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் வீட்டில் எல்லாரும், அதாவது நீங்களும் நாயும், சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

மூட்டைகள் வந்தன. அத்தை, எங்கள் வீட்டில் கணப்பே கிடையாது. இந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டிலும் கிடையாது. புகைபோக்கி வைக்காமல் கட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு முதலிலேயே சொல்லாதது என் தப்பு. கணப்பு இல்லாத வீடு என்று ஒன்று இருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றும்?

லாரிக்காரர் சென்கா ஆன்ட்டி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஆன்ட்டி ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"என்னடி இது? உங்க அத்தை தோட்டத்தையே வெட்டி அனுப்பிட்டாளா?"

"எரிக்கறதுக்கு, ஆன்ட்டி."

"எங்கடி எரிக்கறது, என் தலை மேலயா? நாளைக்கு உருளைக்கிழங்கு முளைச்சா பாதி எனக்கு, சொல்லிட்டேன்."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றபோதுதான் அம்மா வேலை முடிந்து படியேறி வந்தாள். மூட்டையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவளுக்கு வாசனை தெரிந்துவிட்டது. அப்பாவின் கம்பளிச் சட்டையில் அடித்த வாசனை அத்தை அது. எனக்குக்கூட ஞாபகம் இருந்தது.

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். படியிலேயே உட்கார்ந்து ஒரு கட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாவும் எண்ணெயும் பட்ட ஏப்ரன் கழற்றாமல் அப்படியே இருந்தாள். சென்கா ஆன்ட்டி மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்னல்லாம் எழுதின?"

"வீடு குளிரா இருக்குன்னு மட்டும்."

"ரோரியப் பத்தி?"

"எழுதல." பொய் சொன்னேன்.

"சரி. வந்துச்சு, நன்றின்னு நானே எழுதறேன். இனிமே நம்ம வீட்டுக் கதைய நாலு பேருகிட்ட சொல்லாத இஷ்பெல். நமக்கு மிஞ்சி இருக்கறது அது ஒண்ணுதான்."

அதனால் இனி நான் எழுதுவது அவளுக்குத் தெரியக் கூடாது. ரோரியின் இருமல் இப்போது நாய் குரைப்பது மாதிரி வருகிறது. அம்மா தூங்குவதே இல்லை. அவனை நெஞ்சில் சாய்த்து உட்கார்ந்தபடியே விடிய வைக்கிறாள். காலையில் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி வேலைக்குப் போகிறாள்.

அவள் இப்போது பாடுவதில்லை.

இஷ்பெல்


லோன்பிரே
27 நவம்பர் 1983

அன்புள்ள பெகிக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் எல்லோரும் நலம். அனுப்பிய மூட்டைகள் வந்து சேர்ந்தன. நன்றி. இங்கே மின்சாரத்தில் சூடேற்றும் வசதி இருப்பதால் அவை இப்போதைக்குத் தேவைப்படாது. ரோரி பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான். நன்றாகச் சாப்பிடுகிறான். இஷ்பெல் குழந்தைத்தனமாக எதையாவது எழுதியிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்,
ரீனா


போர்க்ரோ
8 டிசம்பர் 1983

என் செல்ல இஷ்பெல்லுக்கு,

நாயும் நானும் சுகம். காற்று மட்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது.

கணப்பு இல்லாத வீடு! இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆங்கஸிடம் சொன்னால், "அப்ப ஜனங்க எதப் பாத்துகிட்டு உக்காருவாங்க?" என்று கேட்கிறான்.

எல்லோரும் நலம் என்று உன் அம்மா எழுதியிருக்கிறாள். நீ வேறு மாதிரி எழுதியிருக்கிறாய். நான் இரண்டு பேரையும் நம்புகிறேன். அவள் எழுதியதில் தப்பே இல்லை. பிள்ளையை மார்பில் போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிற ஒருத்தி, நலம் என்று எழுதத்தான் செய்வாள்.

காலுறையும் ரோரிக்கு ஒரு கம்பளிச் சட்டையும் பின்னி அனுப்பியிருக்கிறேன். சட்டை அளவு தெரியவில்லை. உன் அப்பாவின் அந்த வயது அளவுக்குப் போட்டேன்.

மேல்மாடி அறைக் கட்டிலை இறக்கி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். சும்மாதான். மெத்தை காயட்டும் என்று.

அத்தை


லோன்பிரே
4 ஜனவரி 1984

அன்புள்ள அத்தைக்கு,

புது வருடம் உங்களுக்கு நல்லதாக இருக்கட்டும். இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள், அத்தை. இந்தத் தடவை உண்மையிலேயே காட்டாதீர்கள்.

ரோரி ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

வருடக் கடைசி ராத்திரி, பன்னிரண்டு மணியடித்து முடித்ததும் முதலில் வீட்டுக்குள் கால் வைக்கிறவருக்காக அம்மா பிளம் கேக்கும் ஒரு சின்னக் குவளையில் விஸ்கியும் எடுத்து வைத்திருந்தாள். கறுத்த தலைமுடி ஆண் வந்தால் அதிர்ஷ்டம், கையில் ஒரு துண்டு நிலக்கரி கொண்டுவர வேண்டும் இல்லையா? சென்கா ஆன்ட்டி தன் புருஷனை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். ("அவனுக்கு முடியே இல்லடி, கறுப்புத் தொப்பி போட்டு அனுப்பறேன்.") அவர் வருவதற்குள் ரோரியின் உதடு நீலமாகிவிட்டது. அம்மா செருப்பில்லாமல் தெருமுனை டெலிபோனுக்கு ஓடினாள்.

இந்த வருடம் எங்கள் வாசலில் முதலில் கால் வைத்தவர் ஆம்புலன்ஸ்காரர். தலைமுடி கறுப்புதான். ரோரியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது, "நிலக்கரி கொண்டு வரலியே, மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். அம்மா அந்த நேரத்திலும் ஓடிப்போய் ஒரு துண்டு கேக்கைக் காகிதத்தில் சுற்றி அவர் பையில் வைத்தாள்.

இப்போது மூச்சு கொஞ்சம் சீராகிவிட்டது. ஆனால் நலத்துறையிலிருந்து மிஸ் ஓர் என்பவர் வந்தார். கெட்டவர் இல்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தவர் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, இந்த வீட்டுக்கு ரோரியைத் திருப்பி அனுப்ப டாக்டர் சம்மதிக்க மாட்டார் என்றார். மாதக் கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களாம். அதற்குள் உலர்ந்த வீடு கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் விடுதி. அல்லது சொந்தக்காரர் யாராவது.

"சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா மிசஸ் மெக்கைவர்?"

"யாருமில்ல" என்றாள் அம்மா.

மிஸ் ஓர் படியிறங்கிப் போனபோது நான் குப்பை கொட்டுகிற சாக்கில் பின்னாலேயே போய் உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டேன்.

செய்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. விடுதியில் அவனுக்கு யார் இஸ்திரி போட்டுக் கட்டிலைச் சூடாக்குவார்கள்? உங்களிடம் என்றால் நெருப்பாவது இருக்கும். ஆனால் அவனை நீங்கள் கூட்டிப் போனால் திரும்ப வருவானா? அம்மா என்ன ஆவாள்? சீக்கிரம் எழுதுங்கள். சீக்கிரம்.

இஷ்பெல்


லோன்பிரே
19 ஜனவரி 1984

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் எழுதவே இல்லை. தினமும் சென்கா ஆன்ட்டி வாசலில் போய் நிற்கிறேன். "மின்சார பில் வேணும்னா தரேன், எடுத்துக்கறியா?" என்கிறார். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? என் மேல் கோபமா? ரோரியை அழைத்துப்போக ஏற்பாடு செய்கிறீர்களா?

ஆனால் அம்மா செய்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன ஞாயிறு அவள் கட்டடம் முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். கதவு திறந்தவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: "நாளைக்கு எங்கூட வந்து கொஞ்சம் மூச்சு விடுங்க."

திங்கட்கிழமை காலையில் குடியிருப்பு அலுவலகம் திறந்ததும் நாங்கள் உள்ளே போனோம். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. டென்னியின் அம்மா, கைக்குழந்தையோடு இரண்டு பேர், ஊன்றுகோலோடு மூன்றாம் மாடி மிஸ்டர் காஃபி, சென்கா ஆன்ட்டியின் பட்டாளம், எல்லாரும் ஆளுக்கு ஒரு வாளி ஈரத் துணியோடு வந்தார்கள். அந்த அலுவலகத்தில் எவ்வளவு சூடு தெரியுமா அத்தை! ஜன்னலுக்கு ஜன்னல் ரேடியேட்டர் கொதிக்கிறது. அங்கே வேலை செய்கிற பெண்கள் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மா முதல் ரேடியேட்டரில் ரோரியின் பைஜாமாவை விரித்துப் போட்டாள். சென்கா ஆன்ட்டி அடுத்ததில் தன் புருஷனின் நீளமான உள்ளாடையைப் போட்டார். டென்னியின் அம்மா மின்கெட்டிலைச் செருகித் தண்ணீர் கொதிக்க வைத்தார்.

பிர்னி ஓடி வந்தார். "என்ன நடக்குது இங்க? என்னம்மா பண்றீங்க?"

"மூச்சு விடறோம் சார்" என்றாள் அம்மா. "எங்க வீட்ல விட்டா உங்க சுவரு கெட்டுப்போகுதுன்னீங்களே. அதான் இங்க வந்து விட்டுட்டுப் போலாம்னு."

"போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்களும் வந்து நாலு மூச்சு விடட்டும்."

"மொதல்ல இத எடுங்க!" என்று அந்த உள்ளாடையைக் காட்டினார்.

"இன்னும் காயலையே தம்பி" என்றார் சென்கா ஆன்ட்டி. "நீங்க கையில பிடிச்சு ஆட்டினா சீக்கிரம் காஞ்சிடும்."

தட்டச்சு செய்கிற பெண் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள். சாயங்காலம் ஆனபோது அந்த ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து தண்ணீராக வழிந்தது. ஆனால் அத்தை, அவர்கள் சுவர் கொஞ்சம்கூட நனையவில்லை! அம்மா பிர்னியின் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். "பாருங்க சார். கட்டடம் முழுக்க வந்து நாள் பூரா மூச்சு விட்டாச்சு. நனையல. அப்ப கோளாறு எங்க மூச்சுல இல்ல." அவர் கையை எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டார்கள். பனி கொட்டியது. எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அம்மா வீட்டுக்குப் போய் உங்கள் மூட்டைகளை ஒரு குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். மிஸ்டர் காஃபி எங்கிருந்தோ ஒரு தகரப் பீப்பாய் உருட்டி வந்தார். உங்கள் சதுப்புக் கரி அலுவலக வாசலில் நாள் முழுக்க எரிந்தது. புகை என் கோட்டில் ஏறிவிட்டது. பூசண வாடையே இல்லை. தெருவில் போகிறவர்கள்கூட நின்று கையைக் காய்ச்சிக்கொண்டார்கள். ஒருவர், "இது என்ன வாசனை?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரரு ஊரு" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து மெல்லப் பாடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று பிர்னி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். மில் தெருவில் உலர்ந்த வீடு ஒன்று காலியாக இருக்கிறதாம். அவளுக்கு மட்டும். ஆனால் ஆர்ப்பாட்டத்தை நிறுத்திவிட வேண்டுமாம். "மத்தவங்க?" என்று கேட்டாளாம். அவர் கூரையைப் பார்த்தாராம்.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இந்த ராத்திரி குளிரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். ரோரியா, டென்னியா என்று யாரும் ஒருத்தியைக் கேட்கக் கூடாது இல்லையா அத்தை? எழுதுங்கள்.

இஷ்பெல்


போர்க்ரோ
23 ஜனவரி 1984

என் செல்ல இஷ்பெல்லுக்கு,

கோபமில்லை. உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. காற்று பலமாக இருந்ததால் கப்பல் ஓடவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். ஆனால் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நீ பெயர் கொடுத்தது சரிதான். அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அந்த மிஸ் ஓர் தபால் நிலையத்துக்கு டெலிபோன் செய்தாள். டோலினா என்னை ஆளனுப்பிக் கூப்பிட்டாள். ஓய்வூதியம் வாங்குகிற நாள். ஊரே வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ரோரியை வைத்துக்கொள்வீர்களா என்று மிஸ் ஓர் கேட்டதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை, மறுநாள் கூப்பிடச் சொன்னேன். அப்புறம் இன்னொரு நாள் கேட்டேன். மூன்றாம் தடவை சொல்லிவிட்டேன்.

அடுப்புக்குப் பக்கத்தில் போட்டிருந்த கட்டிலை ஆங்கஸைக் கூப்பிட்டு மறுபடியும் மாடிக்கு ஏற்றிவிட்டேன். மெத்தை நன்றாகக் காய்ந்துவிட்டது.

நேற்று ஒரு ஆடு வேலியில் மாட்டிக்கொண்டது. மற்றபடி விசேஷம் இல்லை.

அத்தை


லோன்பிரே
25 ஜனவரி 1984

அன்புள்ள பெகி அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

போன தடவை எல்லோரும் நலம் என்று எழுதினேன். யாரும் நலமாக இல்லை.

மிஸ் ஓர் நேற்று வந்து நீங்கள் சொன்னதை அவர் எழுதி வைத்தபடியே படித்துக் காட்டினார். "அந்தப் பையனுக்கு இங்கே நெருப்பு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, நான் இருக்கிறேன். கேட்டால் இன்றைக்கே கப்பலேறி வந்து தூக்கிக்கொள்வேன். ஆனால் அவனுக்கு அம்மா இருக்கிறாள். இப்படிப்பட்ட ஒருத்தியை இந்தத் தீவு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. சுவர் சரியில்லை என்றால் சுவரை மாற்றுங்கள், அம்மாவை மாற்றாதீர்கள்." படித்துவிட்டு மிஸ் ஓர் மூக்கைச் சிந்திக்கொண்டார். அதை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பிவிட்டாராம்.

நான் உங்களைப் பற்றி இரண்டு வருடமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுதவில்லை.

மில் தெரு வீட்டைப் பற்றி எல்லாரிடமும் சொன்னேன். சென்காவின் சமையலறையில் கூடிப் பேசினோம். நான் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். டென்னியின் அம்மா எழுந்து, "எம்புள்ள போன மாதிரி உம்புள்ளயும் போகணுமா? அதுல எனக்கு என்ன சந்தோஷம் ரீனா?" என்றாள். சென்கா, "சாவிய வாங்குடி முட்டாள்! உன் துணிய மட்டும் திங்கக்கிழம அந்த ஆபீசுக்குக் கொண்டாந்து காயப்போடு" என்றாள். அதனால் வாங்கப்போகிறேன். திங்கட்கிழமை வாளியோடு அங்கே நிற்கவும் போகிறேன். ஆர்ப்பாட்டத்தை நிறுத்துவதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பிர்னி கூரையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை மிஸ் ஓரும் டாக்டரும் சுவரைத் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

ஈஸ்டருக்கு வாருங்கள். மூட்டை ஒன்றும் கொண்டு வர வேண்டாம்.

ரீனா


மில் தெரு, லோன்பிரே
27 ஜனவரி 1984, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சுகமா? இதையும் யாருக்கும் காட்டாதீர்கள். எழுதலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆனால் நான் பயப்படுகிறேன் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். இன்று அவளுக்கு இருக்கிறது போதும்.

புது வீட்டில் தனியாக இருக்கிறேன். நாற்காலிகூட இன்னும் வரவில்லை. சாமான் பெட்டி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். சுவரெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டேன், மூலை, கட்டிலுக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே எல்லாம். என் கைதான் ஈரம், சுவர் ஈரமில்லை.

மத்தியானம் டாக்டர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மிஸ் ஓரோடு கிளம்பிவிட்டார். அம்மாவையும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே போய் முடிவு சொல்வார்களாம். ஏன் இங்கேயே சொல்லக் கூடாது? முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அம்மா நீங்கள் பின்னிய சட்டையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள். "வேணாம்னு சொல்லிட்டா என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டேன். என் தலையில் கை வைத்து, "அவங்க ஆஸ்பத்திரிலயும் ரேடியேட்டர் இருக்குடி" என்றாள். சிரித்தாள். படியிறங்கும்போது அவள் கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்று நான் பார்த்தேன்.

வெளியே பனி. கடைசி பஸ் போய்விட்ட சத்தம் கேட்டது. இவ்வளவு நேரம் ஆகாது. வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். அவனை அங்கேயே விட்டுவிட்டு அவள் மட்டும் நடந்து வருகிறாள் என்று நினைக்கிறேன். அவள் வந்ததும் நான் அழக் கூடாது. கதவைத் திறந்து தேநீர் போட வேண்டும். அவள் எங்களுக்குச் செய்தது மாதிரி கட்டில் விரிப்பை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். ஆறிப்போய்விட்டது. இன்னொரு தடவை

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அத்தை, தட்டுவது கதவின் அடியில். பெரியவர்கள் கை தட்டும் இடத்தில் இல்லை, ரொம்பக் கீழே, பூட்ஸ் காலால் உதைப்பது மாதிரி. அவ்வளவு கீழே தட்டுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான்